கல்வெட்டு இல்லாத இறையிலி

சென்னையில் ஒரு வீட்டுக்குச் சொத்து வரி எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்பதுதான் கணக்கின் தொடக்கம். அதற்குத் தெருவுக்குத் தெரு ஓர் அடிப்படை வீதம் இருக்கிறது. குடியிருப்பு என்றால் சதுர அடிக்கு மாதம் 60 காசில் தொடங்கி 2 ரூபாய் 40 காசு வரை. ஆயிரம் சதுர அடி வீடு, அந்தத் தெருவுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை 1,500 ரூபாய். அதை 12ஆல் பெருக்க மாட்டார்கள், 10.92ஆல் பெருக்குவார்கள். (பத்தில் ஒரு பங்கை மனைக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியில் பத்து சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்து, மறுபடி இரண்டையும் கூட்டினால் இந்த விசித்திரமான எண் வரும். போட்டுப் பாருங்கள், கச்சிதமாக வரும்.) கிடைப்பது 16,380 ரூபாய். அதுதான் ஆண்டு மதிப்பு. சொந்தக்காரரே குடியிருந்தால், கட்டடம் பழசாக இருந்தால் என்று இன்னும் சில கழிவுகள் உண்டு. அதெல்லாம் போக நிற்கும் மதிப்பில் ஒரு பங்குதான், அரையாண்டுக்கு ஒருமுறை வரியாக வருகிறது.

சென்னையின் பழைய பகுதியில் ஆயிரம் சதுர அடி வீடு 1,500 ரூபாய் வாடகைக்கு எங்கேயாவது இருந்தால் சொல்லுங்க, இன்றைக்கே அட்வான்ஸோடு வருகிறேன். இந்த வீதங்கள் 1998 காலத்தவை. சென்னையில் அதற்குப் பிறகு 24 ஆண்டுகள் எந்தச் சீராய்வும் நிலைக்கவில்லை. மற்ற மாநகராட்சி, நகராட்சிகளில் கடைசியாகச் சீராய்ந்தது 2008இல். இடையில் 2018இல் உயர்த்தத்தான் செய்தார்கள். கூச்சல் எழுந்தது. 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொடுத்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

பிறகு 2022 ஏப்ரலில் வந்தது அடி. சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் போனால் 150 சதவீதம். 2011இல் சென்னையோடு சேர்த்த பகுதிகளிலும், மற்ற ஊர்களிலும் இதே படிக்கட்டு 25இல் தொடங்கி 100இல் முடிந்தது. செய்தித் தலைப்புகளில் 150 என்ற எண் மட்டும் பெரிய எழுத்தில் நின்றது. நம்முடைய ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அந்த 75 சதவீதத்தை வாடகைக் கணக்கிலேயே ஏற்றினாலும் மாதம் 2,625 ரூபாய்தான் ஆகிறது என்பதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஏன் ஏறியது என்று கேட்டால் நேரடியான பதில் ஒன்று உண்டு. என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்குத் தரும் மானியத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது. மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும். பிறகு வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து வளர வேண்டும். இல்லையென்றால் பணம் கிடையாது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டதும் இதே கயிற்றின் தொடர்ச்சிதான்.

காரணம் புரிந்துவிட்டது. ஆனால் என்னை உறுத்துவது வேறு ஒரு கேள்வி. ஏற்றியது நியாயமா என்று ஊரே கேட்டது. 24 வருஷம் ஏற்றாமல் வைத்திருந்தது நியாயமா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது எதையாவது செய்தால் அதை அறத்தராசில் வைத்து எடை போடுவோம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது இயற்கை, வானிலை மாதிரி. வரி ஏறுவது அரசின் செயல், வரி ஏறாமல் இருப்பது உலகின் இயல்பு நிலை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எல்லாம் ஏறும்போது ஒன்று மட்டும் நிற்கிறதென்றால் அதை யாரோ பிடித்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1998க்கும் 2022க்கும் நடுவே பஸ் கட்டணம், பெட்ரோல், பால், பள்ளிக் கட்டணம், தூய்மைப் பணியாளரின் கூலி, குப்பை லாரியின் டீசல் எல்லாம் ஏறின. வீடுகளின் விலை எங்கேயோ போனது. வரி மட்டும் அப்படியே நின்றது. வருஷா வருஷம் அதன் உண்மை மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அதாவது ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு சின்ன வரிக்குறைப்பு, அறிவிப்பே இல்லாமல்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இறையிலி என்று ஒரு சொல் வரும். வரி நீக்கப்பட்ட நிலம். கோயிலுக்கோ பிராமணருக்கோ கொடுக்கும் நிலத்தை இறையிலி ஆக்குவார்கள். அந்த நிலம் வரி கட்டாவிட்டாலும் அரசுக்குப் போக வேண்டியது போகத்தான் வேண்டும். அதனால் பல ஊர்ச்சபைகள் முன்கூட்டியே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, இந்த நிலத்தின் வரியை இனி நாங்களே ஏற்றுக் கட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டதும் கல்லில் இருக்கிறது. அந்த முறையை நான் புகழவில்லை. யாருக்கு இறையிலி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒரு நேர்மை அதில் இருக்கிறது. இவருக்கு விலக்கு, இவர் தலையில் சுமை என்று எல்லோரும் பார்க்கும் சுவரில் வெட்டிவைத்தார்கள். நம்முடைய 24 வருஷத்து இறையிலிக்குக் கல்வெட்டு கிடையாது. சுமையை ஏற்றவர் யார் என்று எங்கேயும் எழுதவில்லை.

யார் ஏற்றார்கள்? உள்ளாட்சியின் சொந்த வருமானம் கரைந்தால் அது மாநில அரசின் கையை எதிர்பார்க்கும். மாநில அரசின் பணப்பை பெரும்பாலும் பெட்ரோல், சாராயம், கடையில் வாங்கும் பொருட்கள், பத்திரப் பதிவு என்று நிரம்புகிறது. இதில் முதல் மூன்றுக்கு வீடு இருக்க வேண்டிய அவசியமில்லை. வாடகை அறையில் நாலு பேரோடு தங்கி, பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் லிட்டருக்கு லிட்டர் வரி கட்டுகிறான். அவனுக்கு அரையாண்டு நோட்டீஸ் வருவதில்லை. அதனால் தான் வரி கட்டுகிறோம் என்றே அவனுக்குத் தோன்றுவதில்லை. அவன் கட்டியதில் ஒரு துளி, சொந்த வீட்டுக்காரர் வாசலில் எரிகிற தெருவிளக்குக்குப் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வரி மேல் கோபம் வருகிறது, தெரியாத வரி மேல் வருவதில்லை. இது வரியைப் பற்றிய உண்மை இல்லை, நம் கண்ணைப் பற்றிய உண்மை.

இன்னொரு பக்கமும் உண்டு. பணமில்லாத உள்ளாட்சி, செலவை எங்கே குறைக்க முடியுமோ அங்கே குறைக்கும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே நடைபாதையில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து உட்கார்ந்தவர்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. சொத்து வரி ஏறாததால்தான் அவர்கள் வீதிக்கு வந்தார்கள் என்று நேர்க்கோடு போட மாட்டேன், அது பொய்யாகிவிடும். அந்த முடிவில் அரசியல் உண்டு, சாதி உண்டு. ஆனால் தெரு சுத்தமாக இருக்க வேண்டும், வரி 1998இல் நிற்க வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒரு நகரம் கேட்டால், நடுவில் இருக்கிற இடைவெளியை யாரோ ஒருவர் தன் கூலியால் அடைக்க வேண்டியிருக்கும்.

வாடகைக்கு இருக்கிற நம்மில் பலருக்குச் சொத்து வரி எப்படி அறிமுகமானது தெரியுமா? "வீட்டு வரி ஏத்திட்டாங்க தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டாயிரம் சேர்த்துக் குடுத்துடுங்க." 2022க்குப் பிறகு எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் இதே வாக்கியத்தைக் கேட்டார்கள். ஒரு சின்னக் கணக்கு. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் வரி கட்டிய வீட்டுக்கு 75 சதவீதம் ஏறினால் 3,500. கூடுதல் 1,500. ஆறு மாதத்தால் வகுத்தால் மாதம் 250. கேட்டது ரெண்டாயிரம்! சரி, இது பேராசை, விடுங்க. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வரி நின்ற 24 வருஷத்தில் வாடகை நின்றதா? வரி ஏறலைங்க, அதனால இந்த வருஷம் வாடகையும் ஏறலை என்று எந்த வீட்டுக்காரராவது எந்தக் குடித்தனக்காரரிடமாவது சொல்லியிருப்பாரா? வாடகையைத் தீர்மானித்தது வரி இல்லை. பக்கத்தில் எத்தனை ஐடி கம்பெனி வந்தது, எத்தனை பேர் வீடு தேடி அலைகிறார்கள் என்பதுதான். வரி குறைவாக இருந்ததன் லாபம் கீழே இறங்கவில்லை, ஏறியதன் சுமை மட்டும் கீழே இறங்கப் பார்க்கிறது.

இதுவரை படித்தவர்களுக்கு நான் வீட்டுக்காரர்களுக்கு எதிரி என்று தோன்றலாம். அதனால் எங்கள் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காவிரிப் படுகையில் ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். அங்கே நீளமான ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை. பெரியப்பாவின் தாத்தா கட்டியது. 1,800 சதுர அடிக்கு மேல் இருக்கும், அதனால் 2022இல் அந்த வீட்டின் வரி இரட்டிப்பானது. பெரியம்மா குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக இருக்கிறார். நான் ஊருக்குப் போயிருந்தபோது மேலே சொன்ன கணக்கையெல்லாம் அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "தொகைய விடுடா. தொகை பெரிசில்ல. இந்த வீடு எனக்கு என்ன சம்பாதிச்சுக் குடுக்குது? அத சொல்லு மொதல்ல" என்றார்.

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. வருமான வரி என்றால் வருமானம் இருக்கிறது. பொருள் வாங்கினால் வரி என்றால், வாங்கும் சக்தி இருந்ததால்தானே வாங்கினோம். சொத்து வரி ஒன்றுதான், சும்மா இருப்பதற்கு வருகிறது. வரி என்றதும் தமிழில் யாராவது பிசிராந்தையாரின் யானையைக் கூட்டிவந்துவிடுவார்கள். 2019 பட்ஜெட் உரையில் நிதியமைச்சரே கூட்டிவந்தார். அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சின்ன நிலமும் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் இறங்கினால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம் என்ற உவமை. 24 வருஷம் கட்டிவைத்துவிட்டு ஒரே நாளில் 100, 150 என்று அவிழ்த்துவிட்டதற்கு அது பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பாட்டில் இருப்பது நெல் விளைகிற நிலம். பெரியம்மாவின் கூடத்தில் நெல் விளைவதில்லை.

பொருளியல்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வீடு விளைகிறது, நீங்கள் குடியிருப்பதே அதன் விளைச்சல். வெளியே இருந்தால் வாடகை கொடுத்திருப்பீர்களே, அந்த வாடகையை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறீர்கள் என்பார்கள். சென்னையின் சூத்திரத்தில் வாடகை என்கிற கற்பனை உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். இந்தப் பதிலில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் அதைப் பெரியம்மா முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. கையில் வராத வாடகையைக் கொண்டு மளிகை வாங்க முடியாது.

இரண்டாவது பதில் இன்னும் ஆழமானது. ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர், சான்பிரான்சிஸ்கோ கண்ணெதிரே நகரமாகப் பெருத்ததைப் பார்த்தவர், 1879இல் எழுதிய நூலில் இதைத் தன் வாதத்தின் மையமாக்கினார். நிலத்தின் மதிப்பை நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டாக்குவதில்லை. சுற்றி வாழ்கிறவர்கள், ரோடு போட்டவர்கள், கடை வைத்தவர்கள், ஊர்தான் உண்டாக்குகிறது. ஆகவே அந்த மதிப்பில் ஊருக்குப் பங்கு உண்டு. சென்னையில் இதைப் புரிந்துகொள்ள ஜார்ஜைப் படிக்கவே வேண்டாம். 2015இல் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஸ்டேஷன் பக்கத்தில் வீடு வைத்திருந்தவர் அன்று காலையில் என்ன செய்தார்? காபி குடித்திருப்பார். அவர் வீட்டின் மதிப்பை ஏற்றியது பொதுப் பணத்தில் வாங்கிய ரயில்.

ஆனால் ஜார்ஜின் வாதத்தை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தால் நம்முடைய சொத்து வரியே அதில் மாட்டிக்கொள்கிறது. நம் வரி நிலத்தின் மேல் இல்லை, கட்டிய பரப்பின் மேல். காலிமனை வரி என்று தனியே ஒன்று இருந்தாலும் முக்கியமான வசூல் கட்டடத்தில்தான். இன்னொரு மாடி கட்டி நாலு குடும்பம் குடியிருக்க இடம் கொடுத்தவர் அதிகம் கட்டுகிறார். மெயின் ரோட்டு மனையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, விலை ஏறட்டும் என்று பத்து வருஷம் காத்திருப்பவர் கொஞ்சமாகக் கட்டுகிறார். பெரியம்மாவின் ஓட்டு வீட்டுக்கு வரும் வரியும் சதுர அடியால் அளந்த வரிதான். அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பத்துக்காக நீளமாகக் கட்டியதற்கு இந்தக் காலத்தில் தனியாக இருக்கிறவர் 100 சதவீதம் கட்டுகிறார். வரி ஏறியதைவிட, எதன் மேல் ஏறியது என்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. இதைப் பற்றிப் போராட்டம் எதுவும் நடந்து நான் பார்க்கவில்லை.

சரி, பெரியம்மா மாதிரியானவர்களுக்காக வரியை அப்படியே உறைய வைத்துவிட்டால் என்ன? அதைச் செய்த ஊர் ஒன்று இருக்கிறது. ஜார்ஜ் வாழ்ந்த அதே கலிபோர்னியா. அங்கே 1978 ஜூனில் மக்கள் வாக்களித்து 13ஆவது முன்மொழிவு என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வீடுகளின் மதிப்பு 1975 நிலைக்குப் பின்னோக்கிப் போனது. வரி ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போது மட்டும் புது விலையில் மதிப்பிடலாம். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கிறார்கள் என்பதுதான் அப்போது பிரச்சாரத்தில் உரக்கக் கேட்ட குரல். அதாவது அவர்களுடைய பெரியம்மாக்கள்.

பத்து வருஷம் கழித்து, 1988இல், அதுவரை வாடகைக்கு இருந்த ஒரு பெண் லாஸ் ஏஞ்சலஸில் 1,70,000 டாலருக்கு ஒரு சாதாரண வீடு வாங்கினார். அதே மாதிரி வீட்டில் 1975லிருந்து இருக்கும் அக்கம்பக்கத்தாரில் சிலரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி அவருக்கு வந்தது. ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒரே தீயணைப்பு நிலையம். அவர் வழக்குப் போட்டார். நார்ட்லிங்கர் எதிர் ஹான் என்ற அந்த வழக்கில் 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் காரணம் சுவாரசியமானது. புதிதாக வாங்குகிறவருக்கு வரி எவ்வளவு என்று முன்பே தெரியும், பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்கலாம். ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. அவர் ஒரு எதிர்பார்ப்பை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டுவிட்டார். ஆகவே இருவரையும் வேறாக நடத்துவதில் ஒரு நியாயம் இருக்கலாம் என்றது நீதிமன்றம். பெரியம்மாவின் பக்கம் நின்று சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். நம்பி வாழ்ந்துவிட்டதற்கு ஒரு கனம் உண்டு. ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். 1986க்குப் பிறகு கலிபோர்னியாவில் பெற்றோரின் வீடு பிள்ளைக்குப் போனாலும் பழைய மதிப்பே தொடரலாம் என்றானது. 2020இல்தான் அதைக் குறுக்கினார்கள். முதியவரைக் காக்க வந்த விலக்கு, பரம்பரைச் சொத்தாகிவிட்டது. தனியாக மறுத்து எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், பழைய உரிமையாளர்களைப் பண்ணையார் என்ற தொனியிலேயே குறிப்பிட்டார். அந்தப் பெண் அதுவரை வாடகைக்கு இருந்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். நம்மில் வீடு வாங்க இன்னும் பத்து வருஷம் ஆகப் போகிறவர்கள் அவருடைய இடத்தில்தான் இருக்கிறோம்.

ஆக உறைய வைப்பதும் பதில் இல்லை. அது ஒரு தலைமுறை தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட இறையிலி. வருஷா வருஷம் கொஞ்சம் ஏறுவது, சொல்லப்போனால் 2024இல் வந்த 6 சதவீதம் மாதிரியானது, 2022 மாதிரி ஒரேயடியாக விழுவதைவிட நேர்மையானது. இதைச் சொன்னால் நண்பர்கள் முறைக்கிறார்கள். ஆனால் அதில் எனக்கு வேறொரு உறுத்தல் இருக்கிறது. அந்த எண்ணை யார் முடிவு செய்தார்கள்?

1680களில் கும்பினிக்காரர்கள் மதராசப்பட்டினத்தில் இதே சிக்கலில் மாட்டினார்கள். தெருவைக் கூட்டவும் மதில் கட்டவும் வீடுகளுக்கு வரி போட முயன்றார்கள். மக்கள் கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். லண்டனில் இருந்த இயக்குநர்களுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. நாம் அதிகாரத்தால் விதித்தால் ஆறு பென்ஸ் கொடுக்கவே மூக்கால் அழுவார்கள், தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கூட மனசார எடுத்துக் கொடுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. அப்படித்தான் 1687 டிசம்பர் சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி பிறந்தது. பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூன்று பேர் உள்ளூர்க்காரர்கள். நோக்கம் சுத்தமான வியாபாரத் தந்திரம். ஆனால் அந்தத் தந்திரத்துக்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. கட்டுகிறவர் கைக்கு முடிவில் பங்கு இருந்தால் வரியின் சுவையே வேறு.

அதை இப்போதைய நிலவரத்தோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை. 2018 உயர்வு வந்தபோதும், அது போனபோதும் கேள்வி கேட்க வார்டில் ஆள் இல்லை. தேர்தல் முடிந்து ஆறு வாரத்தில் 2022 உயர்வு வந்தது. பிரச்சாரத்தில் ஜெயிச்சா வரி ஏத்துவோம், இதுக்காக ஏத்துவோம், இந்தத் தெருவுக்கு இவ்வளவு என்று வீதி வீதியாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. டெல்லியின் நிபந்தனை, கோட்டையின் அரசாணை, மாமன்றத்தின் தீர்மானம் என்று படிப்படியாக இறங்கி பில் கலெக்டர் கையில் வந்து நின்றது. யாரைக் கேட்டாலும் மேலே கையைக் காட்டினார்கள். எண் சரியாகவே இருந்தாலும், அது எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டது என்று சொல்ல இதில் யாருக்கும் வாய் வராது.

பெரியம்மாவின் கேள்விக்கு என்னிடம் நடைமுறைப் பதில் ஒன்று இருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது தாண்டியவர்கள் தங்கள் வீட்டு வரியைத் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். மாகாண அரசு அவர்கள் சார்பில் ஊருக்குக் கட்டிவிடும், அது வட்டியோடு வீட்டின் மேல் கடனாக நிற்கும். வீடு விற்கும்போதோ கைமாறும்போதோ அரசு எடுத்துக்கொள்ளும். இருக்கும் வரை யாரும் வெளியேற வேண்டாம், ஊருக்கும் நஷ்டமில்லை, பிள்ளைகளுக்குப் போகும் லாபத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தத்துவத்தில் இதைவிடச் சுத்தமான தீர்வு கிடையாது என்று நினைத்துக்கொண்டு அடுத்த முறை போனபோது சொன்னேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முற்றத்துக் கம்பிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "அப்போ வீட்டு மேல கடன் வெச்சிட்டுப் போகச் சொல்ற" என்றார். அது கடன் இல்லை, தள்ளிப்போட்ட வரி, இரண்டும் வேற என்று விளக்கப் பார்த்தேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு, அந்த அரையாண்டுக்கு முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு என்று பில் கலெக்டர் சொன்னதாகவும், போகும்போது போனில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போ என்றும் சொல்லி, பழைய ரசீதை எடுத்து வந்து வரிவிதிப்பு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க ஆரம்பித்தார்.